பிளாஸ்க்கில் வந்த ரத்தம்

பிஷ்கெக்,
ஏப்ரல் 22, 2017

அன்புள்ள மாப்பிள்ளை காசிமாலிக்கு, எசென்குல் எழுதுவது.

ஆட்களும் ஆடுமாடும் நலமா? மகன் மிர்லானும் மருமகள் சல்கினும் நலமா? இந்தக் குளிர் எத்தனை குட்டிகளைக் கொண்டுபோயிற்று? நான் நலம். இதயம் முணுமுணுத்துக்கொண்டே தன் வேலையைச் செய்கிறது.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உங்கள் இடது காது. நீங்கள் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் இங்கே சொல்வது அங்கே நாய்க்குக்கூடக் கேட்கும். இந்தக் கடிதத்தைப் புருல் பார்க்கக் கூடாது. சொல்ல வேண்டியவை நான்கு:

1. என் தங்கை புருலுக்கு வந்திருப்பது என்ன நோய்.
2. அது வேகமானதா மெதுவானதா என்று புரதங்களைக் கொண்டு அறிவது.
3. அவளிடம் சொல்லக் கூடாது என்பது.
4. மாதம் ஒருமுறை ரத்தம் அனுப்பினால் போதும், நான் அங்கே வரத் தேவையில்லை என்பது.

முதலாவது. பிப்ரவரியில் அறுவை செய்து எடுத்தது நீர்க்கட்டி அல்ல, சினைப்பைப் புற்றுநோய். மருத்துவர் வழக்கம்போல நோயாளியிடம் சொல்லாமல் என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கள் கால்நடை மருத்துவர்; ஊகித்திருப்பீர்கள். இதுவரை மூன்று முறை மருந்து ஏற்றியாயிற்று. இன்னும் மூன்று பாக்கி.

இரண்டாவது. ஒரே நோய் ஒருத்தியிடம் நடக்கிறது, இன்னொருத்தியிடம் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் பழைய ஆய்வகத்தில் இப்போது நடக்கும் வேலை. ஓய்வு பெற்ற என்னை அதற்காகத்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெட்டியெடுத்த கட்டியில் நான்கு புரதங்களை அளக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை கூடுதலாக இருந்தால் கட்டி பாயும் ரகம். மருந்து நின்றதும் திரும்பி வரும். புருலுடைய துண்டும் எங்களிடம் இருக்கிறது. மூன்று முறை அளந்த பிறகுதான் நம்புவேன். அப்போதும் அது நூறு பெண்களைப் பற்றிய கணக்குதான், ஒரு பெண்ணைப் பற்றிய சத்தியவாக்கு அல்ல.

மூன்றாவது. அவளுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள். நீர்க்கட்டி திரும்பாமலிருக்க ஊசி என்றே இருக்கட்டும்.

நான்காவது. ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதம் ஒன்று உண்டு. கட்டி வளர்ந்தால் அது ஏறும். முப்பத்தைந்துக்குள் இருந்தால் நிம்மதி. இப்போது அவளுக்கு அந்த எண் நாற்பத்தெட்டு. ரத்தம் எடுத்து உறையவிட்டு, மேலே தெளிவதைக் குழாயில் ஊற்றிப் பனிக்கட்டியோடு பிளாஸ்க்கில் வைத்து வேன் ஓட்டும் பொலோத்திடம் கொடுங்கள். கடிதங்களும் அதிலேயே போகட்டும். நான் நேரில் வந்து பார்ப்பதால் தெரியக்கூடியது எதுவும் ரத்தத்தில் தெரியாமல் போகாது. வழியில் இருக்கும் உயரமான தொலோன் கணவாயும் என் இதயமும் ஒத்துப்போகாதவை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுப் புகைபோக்கி என்றும் புகைந்துகொண்டிருக்கட்டும்.

எசென்குல்

---

அத்-பாஷி,
மே 9

மதிப்புக்குரிய மச்சானுக்கு, காசிமாலியின் சலாம்.

இங்கே எல்லோரும் நலம். செம்மறிக் குட்டிகளில் ஒன்பது போயிற்று, மற்றவை துள்ளுகின்றன. உங்கள் இதயத்தைக் கொஞ்சம் அதட்டி வையுங்கள்.

கடிதத்தைத் தொழுவத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு பசுவுக்குத் தீனி வைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

ரத்தம் எடுப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு ஊசி போட்டவன். ஒரு ஆடும் என்மேல் புகார் எழுதவில்லை. உங்கள் தங்கை மட்டும், "இது கை, முன்னங்கால் இல்ல, மெதுவா குத்து" என்கிறாள். கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். "எப்பவும்போல ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டிருக்காரு" என்றேன். சிரித்தாள். தலையில் முடி இல்லாததால் இரண்டு துணி சுற்றியிருக்கிறாள். சிரிக்கும்போது சின்னப் பெண் மாதிரி இருக்கிறாள்.

எதிர்வீட்டு அசிலோவ் பெரியவர் போய்விட்டார். காலையில் எழுந்து பார்த்தால் செங்கல் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் நிற்கிறது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீடு இருக்கிறவன் முற்றத்தில் கூடாரம் போட்டால் சாவைத் தவிர வேறு என்ன அர்த்தம்? புருல் ஜன்னலில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத முடிவில் மேய்ச்சல் மலைக்கு ஏறுகிறோம். புருலும் வருவேன் என்கிறாள். அங்கே போன் எடுக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன் மச்சான்: எங்கள் கல்யாணத்துக்கு வரும்போது கணவாயில் வாந்தி எடுத்தீர்களே, அதை ஊரே மறந்துவிட்டது. நான் மட்டும்தான் மறக்கவில்லை. தைரியமாக வரலாம்.

காசிமாலி

---

பிஷ்கெக்,
ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மலைக்குச் சுகமாக ஏறினீர்களா? குதிரைகள் ஈன்றாயிற்றா? குதிரைப்பால் குமிஸ் புளித்துவிட்டதா? எனக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

முடிவு வந்துவிட்டது. மூன்று முறை அளந்தேன். பிறகு என் கையை நம்பாமல், பெரிசாத் என்ற பெண்ணை, யாருடையது என்று சொல்லாமல் அளக்கச் சொன்னேன். நல்ல கை அவளுக்கு. அவளுக்கும் அதே எண்கள் வந்தன. நான்கு புரதங்களில் மூன்று மிகக் கூடுதல். "பாவம் சார் இந்தம்மா, யாரோ" என்றாள். நான் சன்னலைச் சாத்தப் போவதுபோல எழுந்து போனேன்.

பாயும் ரகம், மாப்பிள்ளை. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன்; எழுத முடியவில்லை.

அதனால் மீதி மூன்று மருந்துகளையும் தள்ளிப்போடக் கூடாது. புருலைக் கீழே அனுப்புங்கள். மருந்து ஏற்றினால் எவ்வளவு காலம் கிடைக்கும் என்று கேட்பீர்கள். சில மாதங்களாக இருக்கலாம், அதற்கும் மேலாக இருக்கலாம். கிடைக்காமலும் போகலாம். ஆனால் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. எனக்கு எதிலும் சந்தேகம் குறைவாக இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் என் அன்பு.

எசென்குல்

---

மேய்ச்சல் மலை,
ஜூன் 20

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நாங்கள் நலம். புல் முழங்கால் உயரம். பதினோரு குதிரைகள் ஈன்றிருக்கின்றன.

பிளாஸ்க்கில் புருலின் ரத்தம் இருக்கிறது. நேற்று எடுத்தது.

"ஊசிக்குப் போகணும், பிஷ்கெக் போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "இந்தக் கோடையில நான் எங்கயும் வர்றதா இல்ல" என்றாள். "அண்ணன் திட்டுவாரு" என்றேன். "அவர் திட்டி நீ எப்பக் கேட்ட? கோழியைக்கூட 'தயவுசெஞ்சு'ன்னு சொல்லித்தான் விரட்டுவாரு" என்றாள். மிர்லான் பேசினான். அவனுக்கு இரண்டு ரொட்டி கூடக் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. சல்கின் மாமியாரின் காலைப் பிடித்துவிட்டாள். ஆறு வருஷமாகக் குழந்தை இல்லாத பெண். புருலுக்கு அவள்தான் குழந்தை.

காலையில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து குட்டிக் குதிரைகளைப் பார்க்கிறாள். மத்தியானம் தூங்குகிறாள். பொலோத்தின் வேன் நிற்கும் சாலை வளைவுக்குப் பிளாஸ்க்கைக் கொடுக்கவும் வாங்கவும் அவளே குதிரையில் போகிறாள். வேறு யார் போகிறேன் என்றாலும் விடுவதில்லை. காற்று நன்றாக இருக்கிறதாம்.

நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

காசிமாலி

---

பிஷ்கெக்,
ஜூன் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில்.

எண் ஏறியிருக்கிறது. எழுபத்தொன்று.

குதிரையில் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தசை வலு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அது நல்லதுதான். ஆனால் அதை வைத்து நாம் ஏமாந்துவிடக் கூடாது.

நான் கண்டிப்பாகப் பேசிப் பழகாதவன். இதை நான்கு தாள்களில் எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன். ஜூலை ரத்தத்தில் எண் இன்னும் ஏறியிருந்தால், மருத்துவமனை வண்டியை அத்-பாஷிக்கு அனுப்பிவிடுவேன். மிர்லானும் நீங்களும் அவளைத் தூக்கியாவது ஏற்ற வேண்டும். அவள் அழுதாலும் ஏற்ற வேண்டும். இறங்கியிருந்தால் மட்டுமே அவளை அங்கே விடலாம்.

என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எசென்குல்

---

மேய்ச்சல் மலை,
ஜூலை 14

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

எல்லோரும் நலம். மழை நல்ல மழை. ரத்தம் வைத்திருக்கிறேன், காலையில் எடுத்தது. புருல் சாப்பிடுகிறாள். எழுத வேறு ஒன்றும் இல்லை. குதிரைக்கு லாடம் அடிக்க வேண்டும், போகிறேன்.

காசிமாலி

---

பிஷ்கெக்,
ஜூலை 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆட்களும் ஆடுமாடும் நலமா? குதிரைக்கு லாடம் அடித்தாயிற்றா?

இருபத்திரண்டு.

நான் நம்பவில்லை. கருவியைச் சரிபார்த்து மறுபடி போட்டேன். மறுபடியும் இருபத்திரண்டு. "இப்ப என்ன சார், எண் குறைஞ்சா குறைஞ்சதுன்னு சந்தோஷப்பட மாட்டீங்களா?" என்று பெரிசாத் கேட்டாள். "குறையறதுக்குக் காரணம் வேணும்மா" என்றேன். "மலைக் காத்து" என்றாள். சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தர்பூசணி வாங்கினேன். தனியாளுக்கு அது பெரிது, பாதியைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

நாற்பது வருஷம் புரதங்களோடு வாழ்ந்தவன், மலைக் காற்றை நம்பக் கூடாது. ஆனால் கட்டியின் புரதங்கள் சொன்னது தவறாகப் போயிருக்கலாம். நூறு பெண்களின் கணக்குக்கு வெளியே ஒருத்தி நிற்கலாம். என் கணிப்பு தவறானதில் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் முறை.

அவள் அங்கேயே இருக்கட்டும். ஆகஸ்டு ரத்தத்தை மட்டும் மறக்காதீர்கள். ஜூலை ரத்தத்தில் மீதியைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன், என் பழக்கம்.

புருலிடம், அண்ணன் தர்பூசணி தின்றான் என்று சொல்லுங்கள்.

எசென்குல்

---

பிஷ்கெக்,
செப்டம்பர் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஆகஸ்டு நடுவில் பிளாஸ்க் வந்தது. கடிதம் இல்லை. குழாயைச் சுற்றி ஒரு துண்டுத் தாளில் "சலாம்" என்று மட்டும் இருந்தது. இத்தனை நாள் நான் பதில் போடாததற்குக் காரணத்தைச் சொல்கிறேன்.

பெரிசாத் சிஏ-125 மட்டும் பார்க்காமல், கருவியில் பெண்களுக்கான எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஓட்டிவிட்டாள். முடிவை என் மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சார், உங்க தங்கச்சிக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு. ஏன்?"

"அப்ப வாழ்த்துகள் சார். மறுபடி மாமாவாகப் போறீங்க."

"கருவியைக் கழுவினியா?"

"ரெண்டு தடவை. பாவம், அது மேல பழி போடாதீங்க."

கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் ஏராளமாக இருந்தது. குளிர்பெட்டியில் வைத்திருந்த ஜூலை ரத்தத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதிலும் இருந்தது, அப்போதுதான் தொடங்கியது போலக் கொஞ்சமாக.

அன்று மாலை ஆய்வகத்தில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை வண்டிக்குப் போன் செய்ய எண்ணைச் சுழற்றினேன். அங்கே எடுத்தார்கள். நான் வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே செய்தேன். புருல் வேறொருத்தியின் ரத்தத்தை அனுப்பும் அளவுக்குப் போய் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்றால், என்னிடம் எதைக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஜூலை, ஆகஸ்டு எண்களைப் புருல் பெயரிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டி வராது.

உங்களிடம் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர: சூயுன்சு. நல்ல சேதி கொண்டுவருகிறவன் அதைச் சொல்லும் முன் கைநீட்டிக் கேட்கும் பரிசு எனக்கும் உண்டுதானே? கொழுத்த செம்மறி ஒன்றை என் பெயரில் விட்டுவையுங்கள். அந்த ரத்தத்தின் சொந்தக்காரிக்கு மார்ச் மாதம் குழந்தை பிறக்கும். அவள் தயங்கி உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். அவளுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். வாளி தூக்கவோ குமிஸ் தோல்பையைக் கடையவோ அவளை விடாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரை வைத்திருக்கிறேன்.

அடியில் நீலத் தாளில் சுற்றிய பொட்டலம் வேறொருவருக்கு. வலிக்கானது. அளவை எழுதியிருக்கிறேன். ஆட்டுக் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள்.

எசென்குல்

---

அத்-பாஷி,
செப்டம்பர் 14

அண்ணனுக்குப் புருலின் சலாம். நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். (சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்று உத்தரவு. – காசிமாலி)

அண்ணா, நல்லா இருக்கீங்களா? கால் வீக்கம் எப்படி இருக்கு? நாங்க நேத்து மலையிலேருந்து இறங்கிட்டோம்.

உங்க கடுதாசியை இவர் சத்தமா படிச்சார். கூடாரத்துல எல்லாரும் இருந்தோம். குழந்தைன்னு வந்த இடத்துல சல்கின் எழுந்து வெளியில ஓடிட்டா. ரெண்டு தடவை தள்ளிப்போச்சாம், நம்பப் பயந்து யார்கிட்டயும் சொல்லலையாம். மிர்லான் அவ பின்னாடி ஓடினான். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஆறு வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்த சேதி, திருட்டு ரத்தத்துல வந்திருக்கு பாருங்க.

இவரைத் திட்டாதீங்க. ஊசியை எடுத்துக்கிட்டு வந்தார். சல்கின் பக்கத்துல இருந்தா. உங்க வண்டி வந்துடக் கூடாதேன்னு, "அவ கையில குத்து"ன்னேன். இவர் பயந்துட்டார். (நான் பயப்படவில்லை. – காசிமாலி) ஊசியைக் கீழ போட்டுட்டார். (குளிர். – காசிமாலி)

நீர்க்கட்டின்னு சொன்னீங்க. தலைமுடி கொட்டுற நீர்க்கட்டி எந்த ஊர்ல இருக்கு அண்ணா? ஆபரேஷன் முடிஞ்சு நான் கண்ணு முழிச்சப்ப, நீங்க என்னைப் பாக்காம டிரிப்ஸ் பாட்டிலையே பாத்துக்கிட்டு நின்னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குச் சங்கடம்னு நான் கேக்கல. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க, அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்.

நீலப் பொட்டலத்துக்கு ரொம்ப நன்றி. தூக்கம் வருது.

மார்ச்சு வரைக்கும் எனக்கு முடியாதுன்னு தெரியும். அதை விடுங்க. அந்தச் செம்மறியை அடிக்கணும், சூயுன்சு நீங்க கேட்டது. நீங்க இல்லாம எப்படி அடிக்கிறது? ஒரு தடவை வாங்க. மருந்து வேணாம், பிளாஸ்க் வேணாம், சும்மா விருந்துக்கு வாங்க. கணவாயில கண்ணை மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாது. இப்ப ரோடு நல்லா போட்டிருக்காங்க.

(அவள் தூங்கிவிட்டாள். வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறது மச்சான். வாருங்கள். – காசிமாலி)

---

பிஷ்கெக்,
செப்டம்பர் 20

அன்புள்ள புருலுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். சல்கினுக்கு என் ஆசி. செம்மறி கொழுக்கட்டும்.

வர வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. ஆனால், முதலாவது, இதயத்துக்குப் புது மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் பார்க்காமல் உயரத்துக்குப் போகக் கூடாதாம். இரண்டாவது, ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து பரிசோதிக்க வருகிறார்கள். பெரிசாத் ஒருத்தியால் முடியாது. மூன்றாவது, கணவாயில் பனி தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆகவே அக்டோபர் பதினைந்துக்குப் பிறகு ஒரு நாள் பார்த்து நிச்சயமாக வருகிறேன். அதற்குள் நீலப் பொட்டலம் இன்னொன்று அனுப்புகிறேன். வயிற்று நீரை எடுக்க நாரின் நகரத்திலிருந்து மருத்துவரை வரவழைக்கச் சொல்லி மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதுகிறேன்.

டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்ததற்கு மன்னித்துக்கொள். சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணன்

---

அத்-பாஷி,
அக்டோபர் 9

மச்சானுக்கு,

புருலுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருக்கிறோம். பொலோத் வேறு யாரையும் ஏற்றாமல் வருகிறான். முன் சீட் உங்களுக்கு. கம்பளிக் கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் வரை காத்திருப்போம்.

காசிமாலி

---

பிஷ்கெக்,
மார்ச் 20, 2018

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, எசென்குல் எழுதுவது.

ஆட்களும் ஆடுமாடும் நலமா? சல்கினுக்குப் பால் போதுமான அளவு இருக்கிறதா? குழந்தை இரவில் தூங்குகிறதா? உங்கள் இடது காதுக்குப் பேத்தியின் அழுகை கேட்காதது உங்கள் அதிர்ஷ்டம். நேற்று போனில் நீங்கள் "சூயுன்சு" என்று கத்தியது கீழ்வீடு வரை கேட்டது. அவர்களும் வந்து வாழ்த்தினார்கள். உங்களுக்கான பரிசாக ஒரு கைக்கடிகாரத்தைப் பொலோத்திடம் கொடுத்தனுப்புகிறேன். குழந்தைக்கு வெள்ளைக் கம்பளி.

நாற்பதாம் நாளுக்கு வந்துபோன பிறகு உங்களுக்கு எழுதவே இல்லை. போனில் நலம் கேட்டுக்கொண்டோம். போனில் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

அக்டோபரில் அவளை அடக்கம் செய்ய வந்த அன்று, வாசலிலிருந்தே கதறிக்கொண்டு கூடாரத்தை நோக்கி ஓடிவர வேண்டும் என்பது முறை. அண்ணன் என்றால் ஊரே கேட்கும்படி வர வேண்டும். எனக்குச் சத்தம் வரவில்லை. வாசலில் நின்றுவிட்டேன். நீங்கள் வரிசையை விட்டு வந்து, என் இடுப்பு வாரைப் பிடித்து, "நடங்க மச்சான், எனக்கும்தான் வரல" என்றீர்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். சல்கினின் குரல் தனியாகக் கேட்டது. குழந்தையைச் சுமந்துகொண்டு பாடுகிறாளே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

சொல்ல வந்தது அதுவும் அல்ல. வரும் வழியில் நடந்தது.

கணவாயில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொலோத் நான் தூங்குவதாக நினைத்து ரேடியோவை அணைத்தான். பிறகு அவனே பேசினான்.

"ஐயா, நீங்கதானா அந்த அண்ணன்?"

"எந்த அண்ணன்?"

"பிளாஸ்க் அண்ணன். அக்கா வேற யாரையும் அனுப்ப மாட்டாங்க. அவங்களேதான் குதிரையில வளைவுக்கு வருவாங்க. வண்டி நின்னதும் பிளாஸ்க்கைக் கேக்க மாட்டாங்க, முதல்ல முன் சீட்டைத்தான் பாப்பாங்க. 'யாரைத் தேடுறீங்க அக்கா?'ன்னு ஒரு நாள் கேட்டேன். 'ஒண்ணுமில்லப்பா, பிளாஸ்க்கைக் குடு'ன்னாங்க."

நான் உட்கார்ந்திருந்த சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் தொடர்ந்தான்.

"கடைசி தடவை மலையில குதிரை ஏற முடியல. மருமக பிடிச்சு நடத்திக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. முன் சீட்ல ஒரு குண்டுப் பொம்பளை உக்காந்திருந்தா. அக்கா அவளைப் பாத்து நல்லா சிரிச்சுட்டு, பிளாஸ்க்கை வாங்கிக்கிட்டு மெதுவா ஏறிப் போயிட்டாங்க."

மாப்பிள்ளை, இதை நீங்களும் ஜூன் மாதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அவளே குதிரையில் போகிறாள், வேறு யாரையும் விடுவதில்லை என்று. நான் அதைத் தசை வலு என்று குறித்துக்கொண்டேன்.

இந்தக் குளிர்காலம் முழுவதும் பழைய கடிதங்களை வரிசைப்படுத்தி வைத்தேன். என்னுடைய முதல் கடிதத்தை நீங்கள் தொழுவத்தில் ஒளித்து வைத்திருந்து நாற்பதாம் நாளன்று திருப்பிக் கொடுத்தீர்கள். அதில் வைக்கோல் ஒட்டியிருக்கிறது. அந்த நான்கு விஷயங்களையும் சரிபார்த்தேன். நோயைப் பற்றிச் சொன்னது சரி. புரதங்கள் சொன்னதும் சரி. நூறு பெண்களின் கணக்குக்கு வெளியே அவள் நிற்கவில்லை. அவளிடம் சொல்லக் கூடாது என்றதை அவள் எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்தாள், அதைத் தவறென்று எழுத எனக்கு உரிமை இல்லை.

புல் முளைத்ததும் வருகிறேன். தேதியை முடிவு செய்துவிட்டேன், காரணங்கள் ஒன்றும் இல்லை. பொலோத்திடம் முன் சீட் சொல்லியாயிற்று. கண்ணைத் திறந்துகொண்டே கணவாயைக் கடக்க முயல்கிறேன். அந்த வளைவில் என்னை இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்; அங்கிருந்து நடந்து வருவேன், யாரும் குதிரை கொண்டுவர வேண்டாம்.

நேரில் வந்து பார்ப்பதால் தெரியக்கூடியது எதுவும் ரத்தத்தில் தெரியாமல் போகாது என்று எழுதியிருந்தேன். அந்த நான்காவது தவறு.

எசென்குல்